உங்களுக்குத் தெரியுமா? ஒரு யானைக்கு இரண்டு வீதி

ரேடியோ கழுத்துப்பட்டி அணிந்த யானையொன்று மாங்குளத்துக்குத் தென்கிழக்கே காட்டுக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்ரெனாவுடன் ஏ-9 வீதியில் நிற்பவருக்குச் சமிக்ஞை வரும் திசை மட்டுமே தெரியும், தூரம் தெரியாது. இன்னோர் இடத்திலிருந்தும் திசை பார்த்து, இரு கோடுகளும் வெட்டும் இடத்தைக் குறிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது இடத்தைத் தெரிவதில்தான் கெட்டித்தனம். திசையில் 5 பாகை பிசகினால், 2 கிலோமீற்றர் தூரத்தில் கோடு சுமார் 175 மீற்றர் விலகும். அதே ஏ-9இல் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, கோடுகள் 20 பாகையில் வெட்டினால் பிழை ஏறத்தாழ மூன்று மடங்காக நீளும். மாங்குளத்திலிருந்து கிழக்கே போகும் ஒட்டுசுட்டான் வீதிக்குப் போய்த் தெற்கே பார்த்தால் கோடுகள் செங்கோணத்தை நெருங்கும். பிழை அவ்வளவு நீளாது. ஒரே ஆள் இரண்டு இடத்துக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடுவது வீண்வேலை: நடக்கும் யானை கால் மணித்தியாலத்தில் ஒரு கிலோமீற்றர் போய்விடும். இருவர் ஒரே நேரத்தில் பார்ப்பதே சரி.

ஜிபிஎஸ் பட்டிக்கும் இதே கணக்குத்தான், வானத்தில். குறைந்தது நான்கு செய்மதிகள் வேண்டும். அவை பரந்தும் இருக்க வேண்டும். அடர்ந்த மரங்கள் தாழ்வானவற்றை மறைத்தால் துல்லியம் கெடும்.

இலங்கையில் இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளை ஜிபிஎஸ் பட்டிகளால் பின்தொடர்ந்த பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவின் ஆய்வு 2012இல் வெளியானது. சில யானைகள் பிடிபட்ட இடத்துக்கே திரும்பி நடந்திருந்தன.