பிடுங்காதே, பேராண்டி!

சத்தியமங்கலத்து வீடு ஒன்றை மனக்கண்ணில் பாருங்கள்.

விடியும் முன்பே மல்லிகைக் காட்டுக்குப் போய், ஒரு மொட்டும் கசங்காமல் பறித்து வரும் பாட்டி. அவர் கையில் வீடியோ விளையாட்டுக் கருவியைக் கொடுக்கிறான் பேரன்.

இரண்டே நிமிடம்! திரையில் ஓடிய பொம்மை பள்ளத்தில் விழுகிறது.

"அட, இங்கே குடுங்க அம்மாயி!" என்று பிடுங்கிக் கொள்கிறான்.

"எனக்கு இது வராது கண்ணு" என்று எழுந்து போகிறார் பாட்டி.

தவறு யாருடையது?

மொட்டுப் பறித்த கைக்குத் திறமை இல்லையா? இருக்கிறது!

பல்லாங்குழியில் கை இருக்கும் இடத்தில்தான் கண்ணும் இருக்கும். இங்கே அப்படி அல்ல. கண் திரையைப் பார்க்க வேண்டும். விரல், பார்க்காமலே பொத்தானைத் தேட வேண்டும். பாட்டி குனிந்து பொத்தானைப் பார்க்கிறார். அதற்குள் பொம்மை விழுந்து விடுகிறது!

பெருகிய பொத்தான்கள்

1972இல் அமெரிக்காவில் வந்த ஒடிசி கருவியில், ரேடியோவைத் திருகுவது போலத் திருகினால் போதும். 1977இல் வந்த அட்டாரியில் ஒரு குச்சி, ஒரு பொத்தான். 1997இல் சோனியின் டூயல்ஷாக் வந்தது. அதில் இரண்டு குச்சிகள், பத்துக்கு மேல் பொத்தான்கள்! மூட்டு வலி உள்ள கட்டை விரல் என்ன செய்யும்?

2006இல் நின்டெண்டோவின் 'வீ' வந்தது. பந்தை உருட்டுவது போலக் கையை வீசினால் திரையில் பந்து உருண்டது. முதியோர் இல்லங்களிலும் சிரிப்பொலி கேட்டது!

2010இல் வந்த கினெக்டில் கையில் எதையும் பிடிக்க வேண்டாம். ஆனால் எழுந்து நின்று ஆட வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது சிரமம். செல்போன் திரையோ, காய்ந்த விரலைச் சில வேளை உணராது.

90 வயதில் சாதனை

ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பாட்டி 1981இல், தம் 51ஆம் வயதில் ஆடத் தொடங்கினார். 2020இல், 90 வயதில், யூடியூபில் வீடியோ விளையாட்டு ஆடிக் காட்டுபவர்களில் உலகிலேயே மூத்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். அவர் ஆடியது பொத்தான் நிறைந்த கருவியில்தான். பழக்கம்தான் காரணம்!

பேரப் பிள்ளைகளே! முதல் நாள் ஒரு பொத்தானை மட்டும் சொல்லிக் கொடுங்கள். மெதுவான ஆட்டமாக வையுங்கள். பொம்மை பத்து முறை விழட்டும்.

நீங்கள் நடை பழகியபோது எத்தனை முறை விழுந்தீர்கள்? அப்போது பாட்டி உங்களை உட்கார வைத்து விட்டாரா?