ஸுமிமஸென்: அழைப்பும் மன்னிப்பும் நன்றியும்

டோக்கியோவில் அரை நாள் சுற்றினாலே 'ஸுமிமஸென்' என்ற சொல் பலமுறை காதில் விழும். ராமென் கடையில் சாப்பிட வந்தவர் பணியாளரை அப்படித்தான் அழைப்பார். நெரிசலான ரயிலில் உங்கள் காலை மிதித்துவிட்டவரும் அதையே சொல்வார். முதியவர் ஒருவருக்கு இடம் விட்டு எழுந்தால், அவரும் 'ஸுமிமஸென்' என்றபடி உட்காரக்கூடும். முதலில் வந்தது அழைப்பு, அடுத்தது மன்னிப்பு, கடைசியில் வந்தது நன்றி.

மூன்றுக்கும் வேர் ஒன்றே. 'ஸுமு' என்ற வினைச்சொல்லுக்கு முடிதல், தீர்தல் என்று பொருள். 'மஸென்' பணிவைக் காட்டும் எதிர்மறை விகுதி. சேர்த்துப் படித்தால் 'தீரவில்லை' என்றாகிறது. தீராமல் நிற்பது, எனக்காக நீங்கள் பட்ட சிரமத்துக்கு நான் பட்டிருக்கும் கடன். காலை மிதித்தவரால் உங்களுக்கு வலி. கைவேலையை விட்டுவிட்டு வரவேண்டியவர் பணியாளர். இடம் கொடுத்தவரோ இனி நின்றுகொண்டே போக வேண்டும். மனநல மருத்துவர் தாகெஓ தோய், 1971இல் வெளியான தம் நூலில் இந்தச் சொல்லை ஆராய்ந்தார். உதவி பெறும்போதும் மன்னிப்புக் கேட்பதுபோல் ஜப்பானியர் பேசுவதற்கு, உதவியவர் பட்ட சிரமத்தை நினைத்துப் பார்ப்பதே காரணம் என்பது அவர் விளக்கம்.

யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். நண்பரிடமும் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்க 'கொமென்' போதும். வாடிக்கையாளரிடம் நிறுவனம் வருத்தம் தெரிவிக்க ஸுமிமஸென் போதாது. 'சொல்லிக்கொள்ளச் சமாதானமே இல்லை' எனப் பொருள்படும் 'மோஷிவகே கொஸைமஸென்' அங்கே வேண்டும். நடந்து முடிந்த தவறுக்கு 'ஸுமிமஸென் தெஷ்தா' என்று இறந்தகாலத்தில் சொல்வார்கள். பேச்சு வழக்கில் ஒலி தேய்ந்து 'ஸுய்மஸென்' ஆவதும் உண்டு.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. துக்க வீட்டில் அனுதாபம் தெரிவிக்க ஸுமிமஸென் உதவாது. அந்த இழப்பு உங்களால் நேர்ந்ததல்லவே! நெருங்கியவர் தரும் பரிசுக்கும், மகிழ்ச்சி தெரியும்படி 'அரிகதோ' (நன்றி) என்பதே பொருத்தம்.

ஜப்பானுக்குப் போகிறவர்கள் வழி கேட்குமுன் 'ஸுமிமஸென்' என்று தொடங்குங்கள். பிறகு 'எகி வா தொகோ தெஸ் க?' என்று ரயில் நிலையம் எங்கே எனக் கேளுங்கள். முன்பின் தெரியாதவரின் நேரத்தை மதித்துப் பேச்சைத் தொடங்க இதைவிடப் பயனுள்ள சொல் அந்த மொழியில் இல்லை.