மூடி என்றால் எந்த மூடி?

வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரி, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. இவ்வளவு இருந்தால் போதும், அந்த வீட்டுக்காரரும் ஒரு தோட்டக்காரர்தான். லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகும் நம்மவர்கள் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்க முடியவில்லை. நிலம் இல்லாவிட்டால் என்ன? காலியான பெயிண்ட் வாளியில் மண்ணை நிரப்பி மிளகாய் நட்டுவிடுகிறோம்.

செடி வளர்ப்பவர்களுக்கு முன்பெல்லாம் மூன்று எதிரிகள்தான்: நத்தை, கோழி, பக்கத்து வீட்டு ஆடு. இப்போது நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அது வேலி தாண்டி வருவதில்லை. சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது. ஆம், கைப்பேசிதான்!

கைப்பேசியால் நன்மையே இல்லை என்று யார் சொன்னார்கள்? வெளியூரில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்க்கலாம்; நல்ல விதை எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். குறை கருவியில் இல்லை. நாம் அதைக் கையாளும் விதத்தில்தான் இருக்கிறது.

பூ வணக்கமும் நீலக் குறியும்

செடி வளர்ப்போர் சேர்ந்து புலனத்தில் ஒரு குழு தொடங்குகிறார்கள். பொழுது விடியுமுன்பே நாற்பது ரோஜாப் பூக்கள் வந்து விழுகின்றன, ‘காலை வணக்கம்’ என்ற எழுத்தோடு. அவற்றில் ஒன்றுகூடக் குழுவில் உள்ள யாருடைய செடியிலும் பூத்ததல்ல! அந்தப் பூக்குவியலுக்கு அடியில், “அக்கா, வெற்றிலைக் கொடி ஒரு துண்டு கிடைக்குமா?” என்று ஒருவர் கேட்டது புதைந்து போகிறது. யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கல்.

அடுத்தது நீலக் குறி. செய்தியைப் படித்துவிட்டதைக் காட்டும் இந்த அடையாளம் புலனத்தில் 2014-ஆம் ஆண்டில் வந்தது. அன்று பிடித்தது சனி! “பார்த்துவிட்டுப் பதில் போடவில்லையே, அவ்வளவு பெரிய ஆளா?” என்று கேட்கிறார்கள். சேற்றில் கை வைத்திருப்பவர் ஒரு விரலால் திறந்து பார்த்திருப்பார். கையைக் கழுவி, களையெடுத்து முடித்து, உலையும் வைத்த பிறகுதானே பதில் எழுத முடியும்? ஒரு கத்தரி நாற்றுக்காகப் பல வருடப் பழக்கம் முறியலாமா? அந்தக் குறி வேண்டாம் என்பவர்கள் அமைப்பில் போய் நிறுத்திவிடலாம். மனசுக்கும் நிம்மதி, வேலைக்கும் நிம்மதி.

குரல் பதிவு இன்னொரு கூத்து. எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு அது வரம்தான். எழுதத் தெரிந்தவர்களோ ஐந்து நிமிடம் பேசுகிறார்கள். நேற்றைய மழை, முட்டிவலி, மருமகள் வைத்த குழம்பு எல்லாம் வந்த பிறகு, கடைசியில்தான் விஷயம்: “ஆமா, ஒன் பாராங் கத்தி ஒரு நாளைக்கு வேணும்.” பிரட்டுக்களத்தில் தண்டல் இப்படி நீட்டி முழக்கியிருந்தால் பால்வெட்டப் போகும் முன்பே வெயில் ஏறியிருக்கும்!

மங்கலான படமும் பத்து வைத்தியரும்

ஒரு இலையைக் கிட்டத்தில் வைத்து, கை நடுங்க எடுத்த படம் வருகிறது. கீழே ஒரே வரி: “இது என்ன நோய்?” உடனே பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்கிறார்கள். தண்ணீர் போதவில்லை என்கிறார் ஒருவர்; தண்ணீர் அதிகம் என்கிறார் அடுத்தவர்.

கறிவேப்பிலை மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றல்ல. தொட்டியின் அடியில் துளை அடைத்து வேர் அழுகலாம். உரம் போதாமல் இருக்கலாம். முற்றிய இலை உதிரும் முன் தானாகவும் மஞ்சளாகும். இலையே காணாமல் போகிறது என்றால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தோன்றும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அதைக் கையால் பொறுக்கிப் போட்டாலே போதும், மருந்து எதற்கு? ஆகவே படம் அனுப்புகிறவர்கள் முழுச் செடியையும், இலையின் அடிப்பக்கத்தையும், தொட்டியையும் காட்ட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர், என்ன உரம் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போனால் வாய் திறந்து சொல்கிறோம் அல்லவா?

எந்த உப்பு?

இதுவரை சொன்னவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இனிச் சொல்வது அப்படியல்ல.

செடிக்கு ‘எப்சம் உப்பு’ போடலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வருகிறது. அது மெக்னீசியம் சல்ஃபேட். மண்ணில் மெக்னீசியம் குறைந்து, முற்றிய இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது உதவும். கை மாறிக் கை மாறி வரும்போது ‘எப்சம்’ உதிர்ந்து, வெறும் ‘உப்பு’ மட்டும் மிஞ்சுகிறது. நம்பியவர் அடுப்படிக்குப் போய் ஒரு பிடி சமையல் உப்பை அள்ளி வேரில் போடுகிறார். செடி கருகுகிறது. ஒரு சொல் உதிர்ந்ததற்குத் தண்டனை செடிக்கு!

செடி போனால் இன்னொன்று நடலாம். “ஒரு பம்புக்கு ஒரு மூடி மருந்து” என்று யாரோ அனுப்பும் செய்திக்கு வருவோம். மூடி என்றால் எந்த மூடி? பம்பு என்றால் முதுகில் சுமக்கும் 16 லிட்டர் பம்பா, வீட்டில் வைத்திருக்கும் 1 லிட்டர் கைப்பம்பா? மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்து பதினாறு மடங்கு! கரண்டிக் கணக்கும் அப்படித்தான். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. மருந்து என்றால்கூட, பூச்சி மருந்தா புல் மருந்தா? அந்தக் கீரையைத்தானே மறுநாள் பிள்ளைகளுக்குக் கடைந்து ஊட்டுகிறோம்!

மருந்தின் கொடுமை தோட்டத்து மக்களுக்குத் தெரியாததல்ல. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பல ஆண்டுகள் சுமந்து அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து; மாற்று மருந்து இல்லை. மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்காவது மூலையில் கிடந்தால் தொட விடாதீர்கள். எந்த மருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியுமா?

புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டுதான் உண்மையான செய்தி. எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சீட்டில் உள்ள வண்ணப் பட்டையையும் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் கொடிய நஞ்சு. வீட்டுச் செடிக்கு அது ஆகாது. படிக்கத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெரியவர்களை மறந்தோமே!

இன்னொரு வருத்தமும் உண்டு. குழுவில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித் தள்ளுகிறார்கள். பாட்டிக்கு அது புரிவதில்லை. முருங்கைக் கொம்பை எந்தப் பருவத்தில் வெட்டி ஊன்றுவது, பாகற்கொடிக்கு எப்படிப் பந்தல் போடுவது, எந்தக் காயை விதைக்கு விடுவது என்று அனுபவத்தில் அறிந்தவர் அவர்தான். அறிந்தவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்க, அறியாதவர்கள் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! அவர் பேசுவதைக் குரல் பதிவாக எடுத்துக் குழுவில் போடுங்களேன். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரே செய்தி கண்டபடி பரவுவதைக் குறைக்க, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று புலனம் 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வைத்தது. இயந்திரமே நிதானிக்கும்போது நாம் நிதானிக்கக் கூடாதா? நாமே செய்து பார்த்ததை மட்டும் அனுப்புவோம். அளவைச் சொன்னால் மில்லியிலும் லிட்டரிலும் சொல்வோம். கேட்பதைச் சுருக்கமாகக் கேட்போம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதை வேலி ஓரம் போய் நேரிலேயே கேட்போம்.

அங்கே நீலக் குறி விழாது. ஆனால், திரும்பி வரும்போது கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது இருக்கும்!