எந்தப் பாட்டு உசத்தி? — ஒரு பட்டிமன்றமும் ஒரு குடும்பக் கதையும்

இரண்டு ரசிகர்கள் ஓர் இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும்? சண்டைதான்! “இதுதான் உசத்தி” என்று ஒருவர் சொல்ல, “அட, போங்க! அந்தப் பாட்டுக்கு இது உறை போடக் காணுமா?” என்று இன்னொருவர் கிளம்ப, கையில் இருக்கிற காப்பி ஆறிப் போகும், பேச்சு மட்டும் ஆறாது.

இங்கிலாந்தில் பிறந்த அப்படியொரு சண்டை நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாகத் தொடர்ந்து நடக்கிறது. ‘ஜாய் டிவிஷன்’ என்ற நால்வர் குழு பாடியதில் சிறந்த பாட்டு எது என்பதுதான் வழக்கு. இத்தனைக்கும் அவர்கள் தந்தது இரண்டே இரண்டு முழு இசைத்தட்டுக்களும் சில தனிப் பாட்டுக்களும்தான்.

‘வெள்ளைக்காரப் பாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த வழக்குக்கு நடுவே ஓர் இளம் மனைவி இருக்கிறாள், ஒரு கைக்குழந்தை இருக்கிறது, நம் வீடுகளிலும் மூடி மறைக்கப்படுகிற ஒரு வியாதியும் இருக்கிறது.

யார் இந்த நால்வர்?

1976 ஜூன் 4-ம் தேதி மான்செஸ்டர் நகரில் ஒரு ‘பங்க்’ கச்சேரி. சங்கீதம் முறையாகப் படிக்காத பையன்கள் மேடையேறிக் கத்தித் தீர்த்தார்கள். அதைக் கேட்ட பள்ளித் தோழர்கள் இருவர், பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும், “இவ்வளவுதானா? நாமும் வாசிக்கலாமே!” என்று கிளம்பினார்கள். மறுநாளே ஹுக் ஒரு பேஸ் கிடார் வாங்கிவிட்டார்! பாடுவதற்கு இயான் கர்டிஸ் வந்தார். டிரம்ஸுக்கு ஸ்டீபன் மாரிஸ் சேர்ந்தார். பங்கின் ஆவேசத்தை இவர்கள் உள்ளே அடக்கிக்கொண்டு, இருட்டும் மௌனமும் கலந்த ஒரு புதுப் பாணியைக் கொண்டு வந்தார்கள். ‘போஸ்ட்-பங்க்’ என்று அதற்குப் பெயர்.

முதல் அணி

‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ பாட்டுத்தான் என்கிறது இந்த அணி. ஒரே வீட்டில் இருந்துகொண்டே அன்னியமாகிப் போன தம்பதியின் கதை அது. கேட்க என்னவோ துள்ளலாகத்தான் இருக்கும். பொருளைக் கவனித்தால் நெஞ்சு கனக்கும். 1980-ல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 13-வது இடம் வரை வந்தது. 2002-ல் ‘என்.எம்.ஈ.’ என்ற இசைப் பத்திரிகை எல்லாக் காலத்துக்கும் சிறந்த தனிப் பாட்டு என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது அணி

“ஊரே முணுமுணுக்கிற பாட்டைச் சொல்ல ரசிகன் எதற்கு?” என்று சிரிக்கிறது இரண்டாவது அணி. இவர்கள் ஓட்டு ‘அட்மாஸ்ஃபியர்’ பாட்டுக்கு. மெல்ல நடக்கிற பாட்டு. பனிக்காலத்து விடியற்காலை மாதிரி இருக்கும். முதலில் பிரான்சில் 1980 மார்ச்சில், ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பிரதிகள்தான் போட்டார்கள். ஆனால் பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் தம் நேயர்களைக் கேட்டு நடத்திய புத்தாயிரம் ஆண்டு வாக்கெடுப்பில் இதுவே முதலிடம் பெற்றது.

மூன்றாவது அணி

முதல் தட்டான ‘அன்நோன் பிளஷர்ஸ்’ஸில் (1979) உள்ள ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாட்டுக்கு இவர்கள் கட்சி. அதற்கு ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், ‘உஸ்’ என்ற ஒரு சத்தத்துக்காக மாரிஸை ஒரு சின்ன அறைக்குள் விட்டு, ஸ்ப்ரே டப்பாவைத் தாளத்துக்கு அழுத்தச் சொன்னாராம். பாவம், அந்த நெடியில் அவருக்கு மூச்சே முட்டிவிட்டது!

அந்தத் தட்டின் கறுப்பு உறையில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள் இருக்கும். இப்போது பனியன்களில்கூடப் பார்க்கலாம். அது மலையல்ல, ஒரு ‘பல்சார்’ நட்சத்திரத்தின் துடிப்பு. அந்த நட்சத்திரத்தை 1967-ல் கண்டுபிடித்தவர் ஜோஸ்லின் பெல் என்ற மாணவி. 1974-ல் நோபல் பரிசு என்னவோ அவருடைய பேராசிரியருக்குப் போய்விட்டது! ‘நம்ம கதைதான்’ என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

பாட்டுக்குள் ஒரு பெண்

அந்த மூன்றாவது பாட்டில் வரும் பெண் கற்பனை அல்ல. இயான் மாக்கிள்ஸ்ஃபீல்ட் ஊரில், உடல் குறையுள்ளவர்களுக்கு வேலை தேடித் தரும் அரசு அலுவலகத்தில் இருந்தார். அங்கே வேலை கேட்டு வந்த ஓர் இளம்பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு. சில நாட்களாக அவள் வரவில்லை. வலிப்பிலேயே இறந்துபோனாள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் பாட்டு.

விதியைப் பாருங்கள். 1978 டிசம்பரில் லண்டன் கச்சேரி முடிந்து காரில் திரும்பும்போது இயானுக்கே வலிப்பு வந்தது. அடுத்த மாதம் டாக்டர்கள் காக்காய் வலிப்புத்தான் என்று உறுதி செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 22.

மனைவி டெபோராவை 1975-ல் கைப்பிடித்தபோது அவருக்கு 19, அவளுக்கு 18. வியாதி தெரிந்த சமயம் அவள் கர்ப்பிணியாக இருந்தாள். 1979 ஏப்ரலில் மகள் நாட்டலி பிறந்தாள். வீட்டில் பச்சைக் குழந்தை. அவருக்கோ ராத்திரி ராத்திரியாகக் கச்சேரி, தூக்கமின்மை, மினுக்கும் விளக்கு, மயக்கம் தரும் மாத்திரைகள். மேடையில் கையைக் காலை உதறி அவர் ஆடும் ஆட்டம் பிரசித்தம். சில நாள் அது ஆட்டமல்ல, நிஜ வலிப்பு. ஜனங்களோ கைதட்டினார்கள்!

இதற்கிடையே இன்னொரு பெண்ணின் சிநேகத்தால் குடும்பமும் விரிசல் கண்டது. 1980 ஏப்ரலில் இயான் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். இரண்டொரு நாளிலேயே மறுபடியும் மேடை! மே 18-ம் தேதி, முதல் அமெரிக்கப் பயணம் புறப்பட ஒரே ஒரு நாள் இருக்க, தம் வீட்டிலேயே உயிரை விட்டார். வயது 23. நாட்டலிக்கு ஒரு வயதும் ஒரு மாதமும். முதல் அணி கொண்டாடும் பாட்டும், ‘க்ளோஸர்’ என்ற இரண்டாவது தட்டும் அவர் போன பிறகே வெளியாயின.

அவர் பாடிய சொற்களின் பொருளைத் தாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று தோழர்கள் பின்னாளில் வருந்திச் சொன்னார்கள். ‘யாரையோ பற்றி எழுதுகிறான்’ என்றுதான் இருந்தார்களாம். டெபோரா 1995-ல் தன் கதையைப் புத்தகமாகவே எழுதினாள்.

நம் வீட்டுக்கு வருவோம்

வலிப்பு சாபமல்ல, பேயல்ல, தொற்றுமல்ல. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம். வேளை தவறிய மாத்திரையும் தூக்கம் கெடுவதும் குடியும்தான் எதிரிகள்.

வலிப்பு வரும்போது சாவிக்கொத்தையும் இரும்பையும் கையில் திணிக்காதீர்கள், பலனில்லை. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். பக்கத்திலுள்ள பொருள்களை நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

வலிப்புள்ள தாய்மார்கள் குழந்தைக்குத் தரையில் உட்கார்ந்தே பால் கொடுக்கலாம், துணி மாற்றலாம். தனியாகக் குளிப்பாட்ட மட்டும் வேண்டாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டுத்தான் எதுவும்.

வலிப்போடு மனச்சோர்வும் சேர்ந்து வருவதுண்டு. “நான் இருந்து என்ன பிரயோஜனம்?” என்று வீட்டில் யாராவது சொன்னால், “சும்மா இரு, அபசகுனமாப் பேசாதே” என்று வாயை அடைக்காதீர்கள். “செத்துப் போகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சொல்ல ஒரு வழிதான் கிடைக்கும். அவரைத் தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் பகலானாலும் இரவானாலும் பேசலாம்.

தீர்ப்பு?

நடுவர் நாற்காலியை எனக்குக் கொடுத்தால், என் ஓட்டு மூன்றாவது அணிக்கு. வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணுக்காகப் பதறிய மனசு அந்தப் பாட்டில் இருக்கிறது. அவருக்கு அது வேண்டியிருந்தபோது, அப்படி அவருக்காகப் பதற ஆள் போதவில்லை.

ரசிகர்கள் சண்டை போடட்டும். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. உங்கள் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால், “சத்தத்தைக் குறை” என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பக்கத்தில் போய் உட்காருங்கள். “இதுல என்னடா சொல்றான்? எனக்கும் சொல்லேன்” என்று கேளுங்கள்.