சுவரில் எழுதாத வரி

2000-களின் தொடக்கத்தில் ஒரு நாள், சென்னையில் விளக்கு எரியாத ஒரு பூங்கா மூலையில், களப்பணியாளர் ஒருவர் நிரோத் ஆணுறையைப் பலூன் மாதிரி ஊதி முடிச்சுப் போட்டார். தேங்காய் எண்ணெய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, அதன் மேல் நாலு சொட்டு தேய்த்தார். பிறகு சுற்றி நின்ற ஐந்தாறு ஆண்களோடு ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். கதை முடிவதற்குள் பட்டென்று வெடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "நாலு வருஷமா எண்ணெய்தாண்ணே போடறேன்" என்றார்.

எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுப்போகும். தண்ணீரில் கரையும் ஜெல்தான் போட வேண்டும். ஒரே வரிச் செய்திதான், ஆனால் அந்த நாட்களில் நான் பார்த்த எந்த எய்ட்ஸ் விளம்பரச் சுவரிலும் அது இல்லை. அதை எழுத வேண்டுமானால், ஆணும் ஆணும் உறவு கொள்கிறார்கள் என்பதை முதலில் எழுத வேண்டியிருந்தது.

சுவரில் என்ன இருந்தது என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மண்டை ஓடு, உயிர்க்கொல்லி நோய், ஒருவனுக்கு ஒருத்தி. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது சென்னையில்தான். கண்டுபிடிப்பு மகத்தானது. ஆனால் அன்றிலிருந்து இந்த நோய்க்கு மக்கள் மனத்தில் ஒரு பெண் முகம் ஒட்டிக்கொண்டது. பிறகு 2003 வாக்கில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி ஊரெல்லாம் தொங்கியது. ஆணுறை என்ற சொல்லையே கூசிக்கூசிச் சொன்ன தமிழ்நாட்டை அந்த விளம்பரம் பேச வைத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புள்ளிராஜா போனதும் பெண்ணிடம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பூங்காவுக்கு வந்த ஆண்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: "பொம்பளைகிட்ட போனாத்தானே வரும்?" அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அரசாங்கம் எழுதியதை நம்பினார்கள், எழுதாததையும் சேர்த்து நம்பினார்கள். உண்மைக் கணக்கு நேர் எதிராக இருந்தது. தொற்றுள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டால், யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்றுவது சுமார் 10,000 முறைக்கு 8. ஆசனவழி உறவில், ஏற்றுக்கொள்பவருக்கு 138. இருப்பதிலேயே ஆபத்தானதைப் பத்திரமானது என்று நினைத்து எத்தனை பேர் போயிருப்பார்கள்.

சொல்லவிடாமல் தடுத்தது கூச்சம் மட்டும் இல்லை. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு இருந்தது. 2001 ஜூலையில் லக்னோவில் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்த நான்கு பேரைப் போலீஸ் பிடித்துப்போய், ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தது. அவர்கள் வைத்திருந்த பிரசுரங்களே அவர்களுக்கு எதிரான சாட்சியாயின. அந்தக் காலத்தில் 1998-ல் சென்னையில் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகள்தான் வாய்வழியாகச் செய்தி கொண்டுபோயின. உறவில் ஏற்பவரைக் கோத்தி, மற்றவரைப் பந்தி, இரண்டுமாக இருப்பவரை டபுள் டெக்கர் என்று அந்த ஆண்கள் தங்களுக்குள் வைத்திருந்த சொற்களிலேயே பேசின. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று எழுதினால், மனைவி குழந்தைகளோடு வாழும் ஒரு பந்தி அது யாரையோ சொல்கிறது என்று கடந்துபோய்விடுவார்.

பிறகு அரசும் இவர்களைக் கண்டது, 'ஹை ரிஸ்க் குரூப்' என்ற முத்திரையோடு. பணம் வந்தது, ஜெல் வந்தது, பரிசோதனை வந்தது. 2017 கண்காணிப்புக் கணக்கில் நாட்டின் வயது வந்தோரில் எச்.ஐ.வி. சுமார் 0.22 சதவீதம், இந்த ஆண்களிடையே 2.69. ஆகவே தேடிப் போனது நியாயம். ஆனால் ஆபத்து ஒரு செயலில் இருக்கிறது, ஆளில் இல்லை. முத்திரை அதை ஆள் மேல் ஏற்றிவிட்டது. இன்று பூங்கா காலி, சந்திப்பெல்லாம் செல்போன் செயலியில். அங்கே முதல் வணக்கத்துக்கு அடுத்த கேள்வி, "கிளீனா?" நோய் இல்லாதவனா என்று அர்த்தம். மண்டை ஓடு சுவரை விட்டு இறங்கி இந்தச் சொல்லுக்குள் குடியேறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் செய்தியே தலைகீழாக மாறிவிட்டது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வி.-யை அடக்கும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. 2011-ல், சென்னையும் பங்கெடுத்த ஒரு பன்னாட்டு ஆய்வு, சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்றது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்-பெண் ஜோடிகள். ஆண் ஜோடிகளுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு 2019-ல் ஐரோப்பிய ஆய்வு பதில் சொன்னது: 782 ஜோடிகள், ஆணுறை இல்லாத சுமார் 76,000 உறவுகள், வைரஸ் அளவு அடங்கியிருந்த துணைவரிடமிருந்து ஒரு தொற்றுகூட இல்லை. 15 பேருக்குப் புதிதாக வந்தது. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தால், அத்தனையும் வெளியாட்களிடமிருந்து வந்தவை. சிபிலிஸ் போன்றவற்றை மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறை வேண்டும். ஆனால் தினமும் மாத்திரை போட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அங்கேயே நிலைத்துவிட்டால், உறவின் வழியே எச்.ஐ.வி. பரவாது.

இந்த வரியைப் போன வருடம் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரிடம் சொன்னேன். பத்து வருடமாக ஒரு வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவர். வைரல் லோடு ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார். அதில் 'கண்டறிய முடியவில்லை' என்ற பொருளில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு ரிப்போர்ட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார்.

"ஏழு வருஷம் முன்னாடி, அவனுக்கு என்னால வந்துடக் கூடாதேன்னு சொல்லாம கொள்ளாம ஊரை மாத்திக்கிட்டு வந்துட்டேண்ணே," என்றார். "அப்பவே எனக்கு இதுதான் ரிசல்ட்."