பழைய டியூபாவை ஊதுவதில் என்ன சுகம்?

டியூபா பழங்கால வாத்தியம் இல்லை. 1835-இல் பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட், யோஹான் மோரிட்ஸ் என்ற இருவர் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அது உலகத்துக்கு வந்தது. பித்தளை வாத்தியங்களிலேயே பெரியது, அடிச்சுரங்களைத் தாங்கிப் பிடிப்பது. இன்று ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஸ்விட்சர்லாந்திலும் சுத்தமான சுருதியோடும் வழுக்கிக்கொண்டு ஓடும் வால்வுகளோடும் புது டியூபாக்கள் செய்கிறார்கள். அப்படியிருந்தும் அமெரிக்க டியூபாக்காரர்கள் பலர், 1940-க்கு முன் யார்க், கான், ஹோல்டன், மார்ட்டின் நிறுவனங்கள் செய்த வாத்தியங்களைத் தேடி அலைகிறார்கள். ஒடுக்கு விழுந்து, முலாம் உதிர்ந்து கிடந்தாலும் விடுவதில்லை. பழம்பொருள் மோகம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை.

பி ஃபிளாட் டியூபாவைச் சுருள் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் வரும். உதடு துடித்ததும் கிளம்பும் ஒலி அலை, குழாயின் அகன்ற வாயான பெல் வரை போய்த் திரும்ப நூறில் மூன்று பங்கு வினாடி ஆகிறது. அதுவரை சுரத்தைத் தாங்குவது உதடு மட்டும்தான். குழாயின் ஆதரவு பிறகுதான் வந்து சேரும். அந்த ஆதரவு எப்படிப்பட்டது என்பதைக் குழாய் விரியும் விதம் தீர்மானிக்கிறது. மவுத்பீஸ் முனையிலிருந்து பெல் வரை எங்கே மெல்ல விரிகிறது, எங்கே சட்டென்று அகல்கிறது என்பதைப் பொறுத்து, சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அல்லது இடிக்கும். ஒத்துப்போனால் ஊதியவுடன் சுரம் பேசும். இடித்தால் மூச்சைக் கொட்டினாலும் மந்தமாகத்தான் வரும். பழைய நல்ல டியூபாக்களில் கிடைக்கும் சுகத்தில் முக்கால் பங்கு இதுதான்: மெதுவாக ஊதினாலும் அறை நிறைகிறது.

இதற்குப் பெயர்போன சாட்சி சிகாகோவில் இருக்கிறது. 1930-களின் முற்பகுதியில் மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்த யார்க் நிறுவனம், ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுக்காக சி சுருதியில் இரண்டு பெரிய டியூபாக்கள் செய்தது. நான்கு பிஸ்டன் வால்வு, ஒரு சுழல் வால்வு. அந்த ஆர்கெஸ்ட்ராவின் டியூபாக்காரர் ஃபிலிப் டோனடெல்லிக்கு அதில் ஒன்று வசதிப்படவில்லை. அவரிடம் படித்துக்கொண்டிருந்த ஆர்னால்டு ஜேக்கப்ஸ் அதை 175 டாலருக்கு, வாரம் ஐந்து டாலர் தவணையில் வாங்கிக்கொண்டார். பின்னாளில் சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்தவர் இவர்தான். ஆஸ்துமாக்காரர், வயதாக ஆக நுரையீரலின் கொள்ளளவும் குறைந்தது. ஆனாலும் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் தாங்கும் அவரது ஒலிக்கு ஒரு குறையும் வரவில்லை. மூச்சை அவர் கையாண்ட விதம் முதல் காரணம், யார்க் இரண்டாவது. இரண்டு யார்க்குகளும் இன்று சிகாகோ ஆர்கெஸ்ட்ராவிடம் இருக்கின்றன. ஹிர்ஸ்புருன்னர், யமஹா உட்படப் பலர் அவற்றை அங்குலம் அங்குலமாக அளந்து நகல் செய்தார்கள். நகல்கள் நன்றாகவே வந்தன. ஆனாலும் அசலை ஊதிப் பார்க்கக் கிடைத்தவர்கள் இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்? கேட்பவர்கள் இருந்தார்கள் என்பதுதான் விடை. ஊருக்கு ஊர் பேண்டு, மைதானத்திலும் பூங்காவிலும் கச்சேரி, மைக் கிடையாது. மைக்ரோபோன் வழி இசைத்தட்டுப் பதிவே 1925-இல்தான் பரவத் தொடங்கியது. அதற்கு முன் பதிவுக் கூம்புக்கு எதிரே நின்று வாசிக்கும்போது டபுள் பாஸின் ஒலி சரியாக ஏறாது; டியூபா ஏறும். பெல்லை முன்பக்கம் திருப்பிய டியூபாவுக்கு ‘ரெக்கார்டிங் பாஸ்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இனி தொல்லைகள். பழைய டியூபா எல்லாச் சுரத்தையும் சுருதி சுத்தமாகத் தராது. இரண்டு வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது, கூடும் குழாய் நீளம் தேவைக்குச் சற்றுக் குறைகிறது. சுரம் ஏறி நிற்கிறது. அதனால் வாசிப்பவர் வலது கையால் வால்வை இயக்கிக்கொண்டே, இடது கையால் முதல் வால்வின் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டும் குழாயை, விரற்கடை அளவு இழுத்து, அடுத்த சுரத்துக்குள் திரும்பத் தள்ள வேண்டும். வேகமான இடத்தில் அந்தக் கை படும் பாடு சொல்லி மாளாது. ஆனால் பழகிய பிறகு இதுவே ருசியாகிவிடுகிறது என்பேன். சுரத்தை அந்தந்த இடத்தின் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் உரிமை வாசிப்பவர் கைக்கு வருகிறது.

இன்னொரு விசித்திரம் உண்டு. பழைய டியூபாக்கள் பலவற்றில், கணக்குப்படி இருக்கக் கூடாத சில அடிச்சுரங்கள் உறுதியாக வந்து நிற்கும். பொய்ச்சுரங்கள் என்று வாசிப்பவர்களே கேலியாகச் சொல்வார்கள். மூன்றே வால்வு கொண்ட ஈ ஃபிளாட் டியூபாவில் கீழ்ப்பகுதியில் சில சுரங்கள் எந்த வால்வு சேர்க்கையிலும் எட்டாமல் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அந்நாளைய பேண்டுக்காரர்கள் இந்தப் பொய்ச்சுரங்களை வைத்தே நிரப்பினார்கள். நான்காவது வால்வுக்கான காசு மிச்சம்.

அக்காலத் தகடு மெல்லியது, கையால் அடித்தது, அதனால்தான் அந்த நாதம் என்று பலர் சத்தியம் செய்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். குழாயின் வடிவம்தான் பெரிதும் பேசுகிறது. தவிர, அக்காலத்தில் மோசமான டியூபாக்களும் ஏராளமாகச் செய்தார்கள். அவை எப்போதோ பழைய பித்தளை விலைக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு முன்னோரைப் புகழ்ந்தால் கணக்கு உதைக்கும்.

வாங்க நினைப்பவர் முதலில் முத்திரையைப் பார்க்க வேண்டும். 1920-க்கு முந்தைய அமெரிக்க வாத்தியங்களில் ‘ஹெச்.பி.’ என்றிருந்தால் உயர் சுருதி, ‘எல்.பி.’ என்றிருந்தால் தாழ் சுருதி. உயர் சுருதியில் ‘ஏ’ சுரம் வினாடிக்குச் சுமார் 457 அதிர்வு, இன்றைய வழக்கு 440. நாதஸ்வரத்தில் திமிரிக்கும் பாரிக்கும் உள்ள உறவுதான் இங்கும்: நீளம் குறைந்தால் சுருதி ஏறும். பி ஃபிளாட் டியூபாவில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இருபது சென்டிமீட்டர் குழாய். ஸ்லைடை இழுத்துச் சரிக்கட்ட முயன்றால் மற்றச் சுரங்கள் கோணிக்கொள்ளும்.

அடுத்து வால்வு. எதையும் அழுத்தாமல் ஒரு ஸ்லைடை வெளியே இழுத்து, இரண்டு மூன்று வினாடி பொறுத்து, பிறகு அதற்குரிய வால்வை அழுத்திப் பாருங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது. முலாம் பூசித் திரும்பப் பொருத்த ஆகும் செலவைக் கேட்டுக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். மவுத்பீஸை அடுத்த குழாயில் செம்பு நிறப் புள்ளிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறிவிட்டது என்று அர்த்தம், அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.