மலைமேல் ஒரு சூரியக் கண்

இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, காந்தளூர் ஆகிய மலையூர்களுக்குக் கிழக்கே, மாநில எல்லைக்கு அப்பால், பழனி மலைத்தொடர் நீண்டு செல்கிறது. அம்மலைமேல், ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்துள்ளது. நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே சூரியன் படம்பிடிக்கப்பட்டு வருகிறது. இவ்வாய்வகம் தோன்றுவதற்கு ஒரு பெரும்பஞ்சமும் காரணமாயிற்று.

கல்தூணும் தொலைநோக்கியும்

1786-ஆம் ஆண்டு வில்லியம் பெட்ரி என்பவர் சென்னை எழும்பூரில் ஒரு வானாய்வகம் நிறுவினார். 1792-இல் அது நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் பெற்றது. அங்கே சுமார் 10 டன் எடையுள்ள கருங்கல் தூணின்மேல் ஒரு சிறு தொலைநோக்கி பொருத்தப்பட்டது. தாங்கும் தூண் சிறிது அசைந்தாலும் விண்மீனின் இடம் தவறாகத் தெரியும். ஆதலால் அத்துணை கனமான கல் தேவைப்பட்டது. அத்தொலைநோக்கி பக்கவாட்டில் திரும்பாது. வடக்கு தெற்காக மட்டுமே மேலும் கீழும் அசையும். ஒவ்வொரு விண்மீனும் அந்நேர்கோட்டைக் கடக்கும் நொடியை ஊசல் கடிகாரத்தால் குறித்தனர். அதிலிருந்து துல்லியமான நேரமும், ஓர் இடத்தின் தீர்க்கக் கோடும் கணக்கிடப்பட்டன. பிற்காலத்தவர் அறியும்பொருட்டு அத்தூணில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன.

பஞ்சம் எழுப்பிய வினா

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் நிலவியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பலர் பிழைப்புத் தேடி ஊரை விட்டு இலங்கை முதலிய இடங்களுக்குச் சென்றனர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. மழையும் அவற்றோடு சேர்ந்து மாறுகிறதா என்று அறிஞர் வினவினர். விடை காணச் சூரியனை நாள்தோறும் நோக்க வேண்டும். அதற்குத் தூசி குறைந்த, தெளிந்த காற்றுள்ள உயர்ந்த இடம் தேவை. எனவே மிச்சி ஸ்மித் என்பவரின் முயற்சியால் கோடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1901-இல் அங்கே ஆய்வு தொடங்கியது.

ஒரு நிறத்தில் சூரியன்

அங்கிருந்த கருவிகளுள் ஒன்று ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் ஆகும். அது சூரிய ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்து, ஒரே ஒரு நிறத்தை மட்டும் மெல்லிய பிளவு வழியே செல்லவிடும். கதவிடுக்கு வழியே கல்பாத்தித் தேர் நகர்வதைக் காண்பவருக்குத் தேர் சிறிது சிறிதாகவே தெரியும். அவ்வாறே சூரியனின் உருவமும் கீற்றுக் கீற்றாகக் கண்ணாடித் தகட்டில் பதிந்து முழுமை பெறும்.

1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளின் ஒளியை ஆராய்ந்தார். தொடர்வண்டி நெருங்கும்போது அதன் ஊதல் ஒலி கூர்மையாகவும், விலகும்போது தணிந்தும் கேட்கும். அதுபோல, நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி ஊதாப் பக்கமும், விலகும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். இந்நகர்வைக் கொண்டு, புள்ளிகளின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை அவர் கண்டறிந்தார். இது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது.

1960-ஆம் ஆண்டளவில் சுரங்கத் தொலைநோக்கி அமைக்கப்பட்டது. கோபுரத்திலுள்ள ஆடிகள் சூரிய ஒளியை 60 மீட்டர் நீளமுள்ள நிலவறைக்குள் திருப்புகின்றன. அங்கே சூரியன் 34 சென்டிமீட்டர் அகலமுள்ள உருவமாக விழுகிறது.

கிடைத்த விடை

சூரியப் புள்ளிகளை மட்டும் கொண்டு பருவமழையை முன்னறிய இயலாது என்பது இன்று தெளிவாகியுள்ளது. கடலின் வெப்பமும் காற்றின் போக்கும் மழையை ஆள்கின்றன. எனினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. நாள்தோறும் எடுத்த படங்கள் இன்று கணினியில் பதிவாகி, நூறாண்டுச் சூரியனின் வரலாறாக விளங்குகின்றன. தவறவிட்ட ஒரு நாளின் சூரியனை எந்தப் புதிய கருவியாலும் மீண்டும் படம்பிடிக்க இயலாது.

சொற்பொருள்
பொய்த்து – பெய்யாமல் போய்
மாண்டனர் – இறந்தனர்
ஆடி – முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது
கீற்று – மெல்லிய கோடு

சிந்தித்து எழுதுக
1. தொலைநோக்கியைக் கருங்கல் தூணின்மேல் பொருத்தியது ஏன்?
2. பஞ்சத்திற்கும் சூரிய ஆய்விற்கும் உள்ள தொடர்பு யாது?
3. எதிர்பார்த்த விடை கிடைக்காத ஆய்வும் பயன் தருமா? காரணம் கூறுக.

எச்சரிக்கை: சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கியாலோ நேராகப் பார்த்தல் கூடாது, பார்வை கெடும்.